மவுஸ் இணைப்பு அறுபடுதல்

இயங்கிக்கொண்டிருக்கும் மவுஸ் திடீரென்று கணினியிலிருந்து விடுபட்டு, சில நொடிகளில் தானாகவோ பிடுங்கிச் செருகிய பிறகோ மறுபடி சேர்ந்துகொள்வதே இணைப்பு அறுபடுதல். கர்சர் துள்ளுவதும், ஒரு கிளிக் இரண்டாகப் பதிவாவதும் வேறு பழுதுகள். முன்னதற்குப் பெரும்பாலும் சென்சாரோ மேசைப் பரப்போ காரணம். பின்னதற்குப் பொத்தானுக்கு அடியில் தேய்ந்துபோன சுவிட்ச். இணைப்பு அறுந்தால் பழி முதலில் மவுஸின் மேல்தான் விழுகிறது, கையில் இருப்பது அதுதானே. ஆனால் மவுஸுக்கும் இயங்குதளத்துக்கும் இடையில் கேபிள் அல்லது ரேடியோ, போர்ட், சில வேளை ஹப், மதர்போர்டில் உள்ள யுஎஸ்பி கன்ட்ரோலர், மின்சேமிப்பு அமைப்பு எனப் பல கட்டங்கள் உண்டு. எந்தக் கட்டத்தில் அறுந்தது என்பதற்கான தடயத்தைக் கணினியே பெரும்பாலும் தந்துவிடுகிறது. அதைப் பார்க்காமல் டிரைவரை நீக்கி நிறுவுவதும் புது மவுஸ் வாங்குவதும் குருட்டாம்போக்கான வேலை.

கேபிள் மவுஸ்களில் பல, யுஎஸ்பியின் மிகக் குறைந்த வேகமான நொடிக்கு 15 லட்சம் பிட் வேகத்தில் பேசுபவை. பொதுவாக உள்ளே நான்கு கம்பிகள்: 5 வோல்ட்டுக்குச் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு, தரவுக்கு வெள்ளையும் பச்சையும். மவுஸ் தன் தரவுக் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ ஓம் மின்தடை வழியாக உயர்நிலையில் பிடித்து வைத்திருக்கும். எதிர்முனையில் ஒரு சாதனம் இருக்கிறது என்பதற்குப் போர்ட்டிடம் உள்ள அடையாளம் அந்த மின்னழுத்தம்தான். அது விழுந்து இரண்டரை மைக்ரோநொடி ஆனாலே சாதனம் போய்விட்டதாகக் கணக்கெழுத விதி இடம் தருகிறது. ஆகவே கேபிளுக்குள் ஒரு கம்பி இழை கண்ணிமைக்கும் நேரம் விலகி ஒட்டினாலும், கணினி பழைய உறவை முறித்து, ரீசெட் செய்து, புது முகவரி கொடுத்து, நீ யார் என்று முதலிலிருந்து விசாரிக்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத லூஸ் கான்டாக்ட் ஒன்றிரண்டு நொடி முடக்கமாக வெளிப்படுவது இதனால்தான். லினக்ஸில் கெர்னல் பதிவைப் பார்த்தால் ஒவ்வொரு துண்டிப்பும் நேரத்தோடு எழுதப்பட்டிருக்கும். மீண்டும் சேரும்போதெல்லாம் சாதன எண் கூடிக்கொண்டே போகும். விண்டோஸில் அதே செய்தி, செருகிய பென் டிரைவைப் பிடுங்கும்போது கேட்கும் ஒலியாக வருகிறது.

அந்த ஒலி டாங்கிள் வைத்த வயர்லெஸ் மவுஸ்களில் இன்னும் பயன்படும். அங்கே யுஎஸ்பி சாதனமாகக் கணினி பார்ப்பது டாங்கிளைத்தான். மவுஸ் நின்றும் ஒலி கேட்கவில்லை என்றால் டாங்கிள் இடத்திலேயே இருக்கிறது. விட்டது ரேடியோ, அல்லது தீர்ந்தது பேட்டரி. ஒலி கேட்டால் மவுஸுக்கும் பழுதுக்கும் சம்பந்தம் இல்லை, போர்ட்டையோ டாங்கிளையோ பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியே தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

ரேடியோ அறுபடுவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் தூரம். ஒரு முழத் தூரத்தில் இருக்கும் மவுஸுக்கு அது பொருந்தாது. பெரும்பாலான டாங்கிள்களும் ப்ளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. வைஃபையின் ஒரு பகுதியும் அங்கேதான். ஆனாலும் வைஃபையைவிடப் பல நேரம் தொந்தரவு தருவது பக்கத்துப் போர்ட். நொடிக்கு 500 கோடி பிட் அனுப்பும் யுஎஸ்பி 3.0 இணைப்பிலிருந்து கசியும் மின்காந்த இரைச்சல் அகலமாகப் பரவி 2.4 கிகாஹெர்ட்ஸையும் மூடிவிடுகிறது என்பதை இன்டெல் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கை அளந்து காட்டியது. அதில் சோதிக்கப்பட்டவற்றில் வயர்லெஸ் மவுஸும் ஒன்று. நீல நிறப் போர்ட்டில் வெளி ஹார்ட் டிஸ்க், அதை ஒட்டிய போர்ட்டில் விரல்நகம் அளவு டாங்கிள்: பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மட்டும் கர்சர் உறைகிறது, முடிந்ததும் ஓடுகிறது. இந்த ஒழுங்கு தெரிந்தால் மருந்து ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிள்தான். டாங்கிளை இரைச்சலிலிருந்து ஓரடி நகர்த்தினாலே பெரும்பாலும் போதும்.

இடம் மாற்றியும் தீராமல், சும்மா விட்டுவிட்டுத் திரும்பத் தொடும்போது மட்டும் செத்துக் கிடக்கும் மவுஸ் வேறு வகை. யுஎஸ்பி விதிப்படி மூன்று மில்லிநொடி எந்தச் சமிக்ஞையும் வராவிட்டால் சாதனம் உறக்கத்துக்குப் போக வேண்டும். விண்டோஸ் மடிக்கணினிகள் மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்த வசதியைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. லினக்ஸ் கெர்னல் இயல்பாக ஹப்களை மட்டுமே இப்படித் தூங்க வைக்கிறது. உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழத் தெரியாத சாதனங்கள் நிறைய என்பது அதை எழுதியவர்களின் அனுபவம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், மின்சாரத்தைச் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடலாம். பேட்டரி சற்றே சீக்கிரம் தீரும். அது நியாயமான விலைதான்.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு: மவுஸ் விலை மலிவு, மாற்றிவிட்டால் போயிற்று. பழுது உண்மையிலேயே மவுஸில் இருந்தால் மாற்றுவது சரி. ஆனால் இரைச்சலோ, உறக்கமோ, தளர்ந்த போர்ட்டோ காரணமென்றால் புது மவுஸும் அதே மாதிரிதான் அறுபடும். 2021இல் 500 வரிசை சிப்செட் மதர்போர்டுகளில் யுஎஸ்பி சாதனங்கள் விட்டுவிட்டு அறுபடுவதை ஏஎம்டி நிறுவனமே ஒப்புக்கொண்டு, பயாஸ் புதுப்பிப்பு மூலம் சரிசெய்தது. அந்தக் கணினிகளில் எத்தனை மவுஸ் மாற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவுரையும் இங்கேதான் பொருள்படும். சாதாரண மவுஸுக்கென்று தனி டிரைவர் தேவையில்லை, இயங்குதளத்தின் பொது டிரைவரே ஓட்டுகிறது. புதுப்பிக்கத் தகுந்தவை சிப்செட் டிரைவரும் பயாஸும்.

இன்னொரு மறுப்பு இன்னும் வலுவானது: வேறு கணினியில் செருகி நன்றாக ஓடினால் மவுஸ் நல்லது என்று முடிவுகட்டலாமே? முழுதாக முடியாது. மேசை மாறும்போது கேபிளின் வளைவும் மாறுகிறது. முறிந்த இழை தற்செயலாக ஒட்டிக்கொண்டால் அரைமணி நேரம் குறையின்றி ஓடும். எதிர்முடிவுதான் நம்பகமானது. இரண்டு கணினிகளிலும் அறுந்தால் குற்றவாளி மவுஸ்தான், பெரும்பாலும் அதன் உடலிலிருந்து கேபிள் வெளிவரும் கழுத்து. மவுஸை அசையாமல் வைத்து, அந்தக் கழுத்திலிருந்து தொடங்கிக் கேபிளை விரலளவு விரலளவாக இருபுறமும் மெல்ல வளைத்துக்கொண்டே போனால், முறிந்த இடத்தில் அடியிலுள்ள விளக்கு அணைந்து எரியும், அல்லது அந்த ஒலி கேட்கும். விளக்கு அணைந்தால் பெரும்பாலும் மின்கம்பி. அணையாமல் ஒலி மட்டும் கேட்டால் தரவுக் கம்பி. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே: முறிவுக்கு அப்பால் வெட்டி, நிறம் பார்த்துச் சால்டர் வைப்பது. கைவேலை தெரிந்தவருக்குச் சிறிது நேர வேலை. மவுஸை மாற்றுவதற்கு நியாயம் இருக்கும் இடமும் இதுவே.