வெள்ளமும் வாலையும்: வடித்த தண்ணீரின் கதை

1/
2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை கடந்துச்சு. மயிலத்துல 24 மணி நேரத்துல சுமார் 50 செ.மீ மழை. டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்தாங்க. தென்பெண்ணை கரையைத் தாண்டியது. அரசூரில் தேசிய நெடுஞ்சாலையே ஆறாச்சு. விழுப்புரம், திண்டிவனம் மக்களுக்குச் சுத்தி எங்கேயும் தண்ணி, குடிக்கத்தான் இல்லை.

2/
அதுக்கப்புறம் மழை சீசன் வந்தாலே வர்ற கேள்வி: "டாக்டர், வீட்லயே தண்ணியை ஆவியாக்கி வடிச்சு வெச்சுக்கிட்டா சேஃப் தானே?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல கொஞ்சம் வரலாறு வேணும். நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

3/
வடிக்கிறது நமக்குப் புதுசு இல்லை. சித்த மருத்துவத்தில் "தீநீர்" என்று ஒரு மருந்து வகையே உண்டு. வாலை எந்திரத்தில் கொதிக்க வெச்சு, ஆவியைக் குளிரவெச்சு எடுப்பாங்க. குழந்தைக்கு வயிறு உப்பினா பாட்டி கொடுக்கிற ஓமத் தீநீர் அந்த வகைதான்.

4/
ஆனா குடிதண்ணிக்காக வடிக்க வேண்டிய கட்டாயம் முதல்ல வந்தது கப்பல்காரங்களுக்கு. ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சை, ஆரஞ்சு வேலை செய்யும்னு 1747-ல் சோதிச்சுக் காட்டின பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், கடல்நீரைக் காய்ச்சி வடிச்சா நல்ல தண்ணீர் கிடைக்கும்னும் எடுத்துச் சொன்னார்.

1872-ல் சிலி நாட்டு லாஸ் சலினாஸ் சுரங்க ஊரில் வெயிலை மட்டும் வெச்சு, கண்ணாடிக் கூரைக்குக் கீழே உப்புத்தண்ணியை ஆவியாக்கி, தினமும் 20,000 லிட்டருக்கு மேல் எடுத்தாங்க.

நம்ம மரக்காணம் உப்பளத்தை நினைச்சுப் பாருங்க. அதே வெயில், அதே உப்புத்தண்ணி. நாம உப்பை வெச்சுக்கிட்டு ஆவியை விட்டுடுறோம். அவங்க ஆவியைப் பிடிச்சுக்கிட்டாங்க.

5/
இன்னிக்குப் பக்கத்துலயே உதாரணம் இருக்கு. கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்து நீராவியின் வெப்பத்தை எடுத்து, தினமும் 45 லட்சம் லிட்டர் கடல்நீரை வடிக்கும் திறனோட ஆலை கட்டியிருக்காங்க. வெப்பம் கையில இருந்தா வடிக்கலாம். வீட்ல பிரச்சினையே அந்த வெப்பம்தான்.

6/
சின்ன கணக்கு. 30 டிகிரியில இருக்கிற ஒரு லிட்டர் தண்ணி கொதிநிலைக்கு வர 70 கிலோகலோரி போதும். அதை முழுசா ஆவியாக்க இன்னும் 540 வேணும். மொத்தம் 610. அதாவது கொதிக்க வைக்கிறதைப் போல கிட்டத்தட்ட 9 மடங்கு.

அடுப்புல பாதி வெப்பம் வீணாகும்னு வெச்சுக்கிட்டா, 14.2 கிலோ சிலிண்டர் முழுசும் எரிச்சா 130 லிட்டர் பக்கம்தான் வரும். ஆளுக்கு 3 லிட்டர்னா நாலு பேர் குடும்பத்துக்குப் பத்து, பதினோரு நாள். சோறு பொங்க கேஸ் மிச்சம் இருக்காது. வெள்ளத்துல அடுத்த சிலிண்டர் எப்போ வரும்?

7/
சரி, வெள்ளத்துக்கு அப்புறம் நம்மள உண்மையில தாக்குறது எது? கிருமி. இதைக் கண்டுபிடிச்சதே ஒரு பெரிய கதை.

1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா சாவுகளைக் கணக்கெடுத்த ஜான் ஸ்நோ, ஒரு அடிபம்பைக் கை காட்டினார். 1884-ல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலரா கிருமியைப் பிரிச்செடுத்தார். அங்கே மக்கள் புழங்கின குளத்துத் தண்ணியிலயே அது இருந்தது.

8/
உப்பை எடுக்கத்தான் ஆவியாக்கணும். கிருமியைக் கொல்ல ஆவியாக்க வேண்டியதில்லை. தளதளன்னு கொதிச்சு ஒரு நிமிஷம் ஆனா போதும். அதைவிட மலிவான வழி குளோரின். 1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி, ஊர் முழுக்கப் போற தண்ணியில தொடர்ந்து குளோரின் கலக்க ஆரம்பிச்சது. இன்னிக்கும் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், ஒரு மணி நேரம் காத்திருப்பு. எம்பிபிஎஸ் படிச்ச எல்லாரும் மனப்பாடம் பண்ணின கணக்கு இது.

இன்னொரு லாபமும் உண்டு. வடிச்ச தண்ணியில அழுக்குக் கை பட்டா கிருமி திரும்ப வந்துடும். குளோரின் தண்ணிக்குள்ளயே தங்கிக் கொஞ்ச நேரம் காவல் காக்கும்.

9/
வடிச்சா எல்லா விஷமும் போயிடுமா? போகாது. தண்ணிக்கு முன்னாடி ஆவியாகிற பொருள் ஆவியோட சேர்ந்தே வந்துடும். மெத்தனால் 65 டிகிரியிலயே கொதிக்கும். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்துல அது என்ன செஞ்சதுன்னு நம்ம மாவட்டத்துக்குத் தெரியும். பெட்ரோல், பூச்சிமருந்து வாடை அடிக்கிற தண்ணியை வடிக்கவும் வேண்டாம், கொதிக்க வைக்கவும் வேண்டாம். தொடாதீங்க.

10/
அப்போ வீட்ல வடிக்கிறது எப்போ உதவும்? ஒரே ஒரு நிலைமையில். 2004 சுனாமியில நடந்த மாதிரி கடல்நீர் கிணத்துக்குள்ள புகுந்து, வேற தண்ணியும் கிடைக்கலைன்னா. உப்பு கொதிச்சாலும் போகாது, குளோரினுக்கும் போகாது.

பெரிய பாத்திரத்துல கால்வாசி தண்ணி, நடுவுல ஸ்டாண்டு மேல ஒரு கிண்ணம், மூடியைத் தலைகீழா கவிழ்த்து அது மேல குளிர்ந்த தண்ணி. ஆவி மூடியில பட்டு கிண்ணத்துல சொட்டும். அடுப்பு சிம்ல இருக்கட்டும், பாத்திரம் வத்தக் கூடாது. குக்கர்ல குழாய் மாட்டுற யூடியூப் வித்தை வேண்டவே வேண்டாம். குழாய் அடைச்சா வெடிக்கும்.

11/
கடைசியா ஒண்ணு. பேதியான குழந்தைக்கு வெறும் வடிச்ச தண்ணி மட்டும் போதாது. வெளியே போறது தண்ணியோட உப்பும்தான். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமான பன்காவில், டிரிப் பாட்டில் தீர்ந்த நிலையில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலை டிரம்ல கலக்கிக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அதோட வாரிசுதான் இன்னிக்கு இருக்கிற ஓஆர்எஸ்.

12/
அதனால ஐப்பசி பிறக்கிறதுக்கு முன்னாடி வாலை தேட வேண்டாம். இதை வாங்கி வைங்க: குளோரின் மாத்திரை ஒரு அட்டை, ஓஆர்எஸ் பத்து பாக்கெட், மூடி போட்ட குடம், மொள்ள நீளக் கைப்பிடி செம்பு. கலங்கல் தண்ணியை முதல்ல துணியில வடிகட்டுங்க. மாத்திரையை அட்டையில போட்ட அளவுப்படி போட்டு அரை மணி நேரம் விடுங்க.

குழந்தை சோர்ந்து, கண் குழிஞ்சு, சிறுநீர் போகலைன்னா வீட்ல காத்திருக்காதீங்க. ஓஆர்எஸ் கொடுத்துக்கிட்டே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க. வண்டி இல்லைன்னா 108.