கருஞ்சீரகம்: எலிக்குக் கொடுத்த அளவு நமக்கு ஆகுமா?

ஹதீஸில் சிறப்பித்துச் சொல்லப்பட்ட கருஞ்சீரகத்தைச் சர்க்கரை நோய்க்காக ஆராய்பவர்கள் முதலில் எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போடுகிறார்கள். அது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்க, எலிக்குச் சர்க்கரை ஏறும். பின்னர் ஒரு பிரிவுக்கு மட்டும் கருஞ்சீரகம் கொடுத்து மற்றதோடு ஒப்பிடுவார்கள். பல ஆய்வுகளில் சர்க்கரை குறைந்திருக்கிறது.

எலிக்குக் கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்றால் 60 கிலோ மனிதருக்கு 18 கிராம் என்று பெருக்கிவிடக் கூடாது (வாட்ஸ்அப் வைத்தியம் இங்கேதான் வழுக்குகிறது). உடலின் மேற்பரப்பை வைத்து அதை 6-ஆல் வகுப்பார்கள். 3 கிராம்தான் வரும். அதுவும் மனிதர்களிடம் சோதனை தொடங்குவதற்கான கணக்கு மட்டுமே.

2010-இல் வெளியான சவூதி ஆய்வொன்றில் நோயாளிகளுக்குத் தினமும் 1, 2, 3 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 2 கிராமிலேயே சர்க்கரை குறைந்தது. அவர்கள் யாரும் வழக்கமான மாத்திரையை நிறுத்தவில்லை.