ஓமமும் தைமாலும்: ஒரு விதையின் இரு வரலாறுகள்

வயிற்றுப் பொருமலுக்கு ஓமத்தை உப்புடன் மென்று வெந்நீர் பருகுவது இந்தியாவின் பல பகுதிகளிலும் நிலவும் வழக்கம். ஆயுர்வேதம் இதனை 'யவானி' என்று அழைக்கிறது. 1868இல் எட்வர்ட் ஜான் வேரிங் தொகுத்த இந்திய மருந்துநூல் ஓமத்தை ஏற்றுக்கொண்டபோது, வீட்டு வைத்தியம் காலனிய மருந்தகத்துள் நுழைந்தது.

ஓம எண்ணெயில் ஏறத்தாழப் பாதி தைமால். கிருமிநாசினியான அது, கொக்கிப்புழு நோய்க்கும் அக்காலத்தில் முதன்மை மருந்தாக விளங்கியது. முதல் உலகப் போருக்கு முன்பு இந்திய ஓமம் பெருமளவில் ஜெர்மனிக்குக் கப்பலேறியது. தைமாலைப் பிரித்தெடுக்கும் தொழில் பெரும்பாலும் அங்கேதான் நடைபெற்றது. 1914இல் போர் மூண்டதும் பிரித்தானியப் பேரரசு தைமால் பற்றாக்குறைக்கு ஆளானது. ஓமம் விளைந்த நிலம் அதன் ஆட்சியில் இருந்தது. அதனை மருந்தாக்கும் ஆலைகளோ எதிரி நாட்டில் இருந்தன.

'பாட்டி வைத்தியம்', 'நவீன மருத்துவம்' என்னும் எளிய இருமைக்குள் இவ்வரலாறு அடங்காது. அஞ்சறைப்பெட்டியின் விதையும் மருந்தகப் புட்டியின் தைமாலும் ஒரே செடியிலிருந்து வந்தவை. விளைவித்தவருக்கு விதையின் விலை கிடைத்தது. பிரித்தெடுத்தவருக்கு மருந்தின் விலை கிடைத்தது. நாட்டு மருந்துகளை ஆராய்வோர் அவற்றின் வேதியியலுடன் இந்த வணிக வரலாற்றையும் இணைத்துப் பயிலுதல் வேண்டும்.