கூரை இடிந்த வீட்டில் கிடைத்த சிம்பொனி: புளோரன்ஸ் பிரைஸின் இசைப்பதிவுகள்

அமெரிக்காவின் சிக்காகோ நகருக்குத் தெற்கே சென் ஆன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு அங்கே பாழடைந்த வீடொன்றை வாங்கிய தம்பதியினர் அதைத் திருத்தும் வேலையில் இறங்கினர். மரம் விழுந்து கூரை உடைந்திருந்தது. பொருட்கள் சிதறிக் கிடந்தன. நனையாமல் தப்பிய பகுதியில் கட்டுக் கட்டாகக் கடதாசிகள் இருந்தன. அவை கையால் எழுதப்பட்ட இசைப் பிரதிகள். அவற்றில் திரும்பத் திரும்ப வந்த பெயர் புளோரன்ஸ் பிரைஸ்.

இரண்டு வயலின் கொன்செர்டோக்களும் நான்காவது சிம்பொனியும் அங்கே கிடைத்தன. பிரைஸ் இறந்து அப்போது 56 ஆண்டுகள் ஆகியிருந்தன.

யார் இந்த பிரைஸ்?

1887இல் ஆர்கன்சோ மாநிலத்தின் லிட்டில் ரொக் நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தவர். பொஸ்டனிலுள்ள நியூ இங்கிலாந்து கொன்சர்வேட்டரியில் படித்து 1906இல் பட்டம் பெற்றார். 1927இல் லிட்டில் ரொக்கில் கறுப்பினத்தவர் ஒருவரை வெள்ளையர் கும்பல் கொன்றது. அதே ஆண்டில் பிரைஸின் குடும்பம் சிக்காகோவுக்கு இடம்பெயர்ந்தது.

அவருடைய முதலாவது சிம்பொனி 1932இல் வனமேக்கர் போட்டியில் முதற்பரிசு பெற்றது. 1933 ஜூன் 15ஆம் திகதி பிரெடரிக் ஸ்டொக்கின் தலைமையில் சிக்காகோ சிம்பொனி இசைக்குழு அதனை அரங்கேற்றியது. கறுப்பினப் பெண் ஒருவரின் சிம்பொனியை அமெரிக்காவின் முன்னணி இசைக்குழு ஒன்று வாசித்தது அதுவே முதற்தடவை.

ஆனால் கதவுகள் அதற்குப் பிறகும் திறக்கவில்லை. பொஸ்டன் இசைக்குழுவை நடத்திய செர்ஜ் குசெவிட்ஸ்கிக்கு 1943இல் எழுதிய கடிதத்தில், தான் பெண் என்பதும் கறுப்பினத்தவர் என்பதும் தனக்கிருக்கும் இரு தடைகள் என்று பிரைஸ் வெளிப்படையாகவே குறிப்பிட்டார். தன் இசையைத் தகுதி பார்த்து மட்டும் எடைபோடும்படி கேட்டார். குசெவிட்ஸ்கி அவரது படைப்பு எதையும் வாசிக்கவில்லை. 1953இல் பிரைஸ் காலமானார்.

உண்மையில் மறந்தவர்கள் யார்?

எல்லோரும் அவரை மறந்துவிடவில்லை. 1939இல் லிங்கன் நினைவிடத்தின் முன் மரியன் அன்டர்சன் பாடிய புகழ்பெற்ற கச்சேரியில், பிரைஸ் இசையமைத்த ஆன்மீகப் பாடலும் ஒன்று. கறுப்பினப் பாடகர்கள் அவரது பாடல்களைத் தொடர்ந்து பாடிவந்தனர். ஆய்வாளர் ரே லிண்டா பிரவுன் பல தசாப்தங்களாக அவரது பிரதிகளைத் தேடி ஆராய்ந்தார். அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு, அவர் இறந்த பின் 2020இல் வெளிவந்தது. மறந்தது பெரிய அரங்குகளே.

பாடலைப் பாட ஒரு குரலும் ஒரு பியானோவும் போதும். சிம்பொனிக்கு எழுபது, எண்பது கலைஞர்கள் வேண்டும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனிப் பிரதி எடுக்கவேண்டும். ஒத்திகைக்குப் பணம் வேண்டும். இவற்றை வைத்திருப்பவர்கள் மறுத்தால், எழுதிய இசை கடதாசியிலேயே தங்கிவிடும்.

பதிவுகள் வந்த வரிசை

2001: பெண் கலைஞர்களின் இசைக்குழுவான விமன்ஸ் பில்ஹார்மொனிக், மூன்றாவது சிம்பொனியைப் பதிவுசெய்து வெளியிட்டது.

2011: நியூ பிளாக் மியூசிக் ரெப்பர்ட்டரி என்செம்பிள், முதலாவது சிம்பொனியை அல்பனி நிறுவனத்தினூடாக வெளியிட்டது.

2019: ஜோன் ஜீட்டர் நடத்தும் ஃபோர்ட் ஸ்மித் சிம்பொனி, முதலாம், நான்காம் சிம்பொனிகளை நக்சோஸ் வெளியீடாகத் தந்தது. 1945இல் எழுதப்பட்ட நான்காவது சிம்பொனியை 2018இல் அரங்கேற்றியதும் ஆர்கன்சோவின் இந்தச் சிறுநகர இசைக்குழுதான்.

2021: யானிக் நெசே-செகின் தலைமையிலான பிலடெல்பியா இசைக்குழுவின் பதிவை டொய்ச்ச கிராமபோன் வெளியிட்டது. முதலாம், மூன்றாம் சிம்பொனிகள் அடங்கிய அது 2022இல் கிராமி விருது பெற்றது.

சிறிய குழுக்கள் முதலில் வந்தன. பெரிய பெயர்கள் கடைசியில் வந்தன.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முதலாவது சிம்பொனியின் மூன்றாம் பகுதி 'ஜூபா' நடனம். அடிமைகளாக இருந்த மக்களிடம் மேளம் பறிக்கப்பட்டபோது, அவர்கள் தொடையிலும் மார்பிலும் கையால் தட்டித் தாளம் எழுப்பினர். அந்தத் தாளத்தையே பிரைஸ் சிம்பொனிக்குள் கொண்டுவந்தார்.

பிரைஸைக் கேட்டவர்கள் அவர் காலத்து மற்ற இருவரையும் தேடலாம். வில்லியம் கிராண்ட் ஸ்டில்லின் 'ஆபிரிக்க அமெரிக்க சிம்பொனி' 1931இல் ரொச்செஸ்டரில் அரங்கேறியது. வில்லியம் டோசனின் 'நீக்ரோ நாட்டார் சிம்பொனி'யை 1934இல் ஸ்டொகொவ்ஸ்கி அரங்கேற்றினார். 1963இல் அவரே அதைப் பதிவும் செய்தார்.

சென் ஆன் வீட்டில் கிடைத்த பிரதிகள் இன்று ஆர்கன்சோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. பிரைஸின் இரண்டாவது சிம்பொனி மட்டும் முழுமையாக இன்றுவரை கிடைக்கவில்லை.