பணம் எந்தத் தலைப்பில் வந்தது?

வங்கிக்காரனுக்கு எதைப் பார்த்தாலும், பணம் எந்தத் தலைப்பில் வரவானது என்றுதான் கண் போகும். மும்பைக்கு மாற்றலாகி வந்தபின் தன்பாலீர்ப்பாளர் அமைப்புகளின் வரலாற்றைப் படித்தபோதும் அப்படித்தான்.

1990-ல் அசோக் ராவ் கவி இங்கே 'பாம்பே தோஸ்த்' இதழைத் தொடங்கினார். 1994-ல் ஹம்சஃபர் டிரஸ்ட் வந்தது. அதே ஆண்டு தில்லியில் அஞ்சலி கோபாலனின் நாஸ் அறக்கட்டளை. இத்தகைய அமைப்புகளுக்கு அந்நாளில் பணம் வந்த தலைப்பு பெரும்பாலும் ஒன்றே: எய்ட்ஸ் தடுப்பு. மனிதர்கள் என்பதற்காக அல்ல, நோய் பரவிவிடுமே என்ற பயத்துக்காக!

அதிலும் ஒரு வேடிக்கை. ஒரு கை ஆணுறைக்குக் காசு நீட்டும்; இன்னொரு கை 377-ஆம் பிரிவைக் காட்டிப் பிடிக்கும். 2001 ஜூலையில் லக்னோவில் எய்ட்ஸ் தடுப்பு ஊழியர்களைப் பிடித்து 47 நாள் உள்ளே வைத்தார்கள். அதே ஆண்டு நாஸ் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கை நடத்தியது லாயர்ஸ் கலெக்டிவ். அந்த நீதிமன்றத்திலேயே, இப்பிரிவு எங்கள் வேலைக்கு இடைஞ்சல் என்றது அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு. இருக்கட்டும் என்றது உள்துறை! 2009-ல் வெற்றி, 2013-ல் தோல்வி. 2018 செப்டம்பர் 6-ல்தான் உச்சநீதிமன்றத்தில் விடிந்தது.

நோய்த் தலைப்பில் வந்த காசில் வளர்ந்தவர்கள்தான் உரிமைத் தலைப்பையும் திறந்தார்கள்.

இணையர் கூட்டுக் கணக்கு தொடங்கத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் சொன்னது. சரி, படிவத்தில் 'உறவு' என்றொரு கட்டம் இருக்கிறதே... நாளை நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் தன் துணையோடு வந்து நின்றால், முகம் சுளிக்காமல் அதை நிரப்பித் தருவோமா?