மரக்கூழும் மகளிர் நலமும்

மனித வாழ்வை மாற்றிய கண்டுபிடிப்புகளைப் பட்டியலிடுவோர் நீராவி எந்திரத்தையும் மின்விளக்கையும் மறவாது கூறுவர். ஈரம் உறிஞ்சும் மரக்கூழைக் கூறுவோர் அரியர்.

முதல் உலகப் போரின்போது காயங்களுக்குக் கட்டுப்போடப் பஞ்சு போதவில்லை. அமெரிக்காவின் கிம்பர்லி கிளார்க் நிறுவனம் மரக்கூழிலிருந்து ‘செல்லுகாட்டன்’ என்னும் பொருளை ஆக்கி அளித்தது. பஞ்சினும் மிகுதியாக ஈரத்தை ஏற்ற அதனைச் செவிலியர் தம் மாதவிலக்கு நாள்களிலும் பயன்படுத்தினர். அவர்களது பட்டறிவே 1920இல் ‘கோடெக்ஸ்’ அணையாடைக்கு வழிகாட்டிற்று. 1924இல் ‘கிளீனெக்ஸ்’ மென்தாளும் கடைக்கு வந்தது.

ஆயினும் அவற்றின் விலை ஏழையர்க்கு எட்டவில்லை. பேராக் மாநிலத் தோட்டங்களில் வைகறையிலேயே பால்மரம் வெட்டச் சென்ற நம் அன்னையர்க்குப் பழந்துணியே துணையாயிற்று. தமிழகச் சிற்றூர்களிலும் அதே நிலைதான்.

அந்நிலையை மாற்ற முனைந்தவர் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர். தம் மனைவியின் இடர் கண்டு, முதலில் பஞ்சால் அணையாடை செய்து தோற்றார். மூலப்பொருள் மரக்கூழே என்று அறிய அவருக்கு ஈராண்டுக்கு மேலாயிற்று. பின்னர், கூழை உதிர்த்து, அழுத்தி, மென்துணி போர்த்தி, புறஊதாக் கதிரால் தூய்மையாக்கும் எளிய பொறிகளை அமைத்தார். பெருநிறுவனங்களை நாடாது மகளிர் குழுக்களுக்கே அவற்றை வழங்கினார். 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நாணம் காரணமாக இவ்வரலாறு வகுப்பறைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. மாதந்தோறும் ஒரு மாணவி பள்ளிக்கு வாராத நாள்களை வருகைப் பதிவேடு காட்டும், காரணத்தைக் காட்டாது. அதனை உணர்ந்து, கூசாது கற்பித்தல் ஆசிரியர் கடமையாகும்.