ஆறு பேர் மார்க் போடும் கேள்வி

மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானுக்கு வந்தது 1901-இல். அப்போது கிள்ளான் மலேரியாவின் பிடியில் இருந்தது. பின்னர் சிலாங்கூர் தோட்டங்களில் நோயின் அளவை அறிய அவர் பிள்ளைகளின் வயிற்றில் கை வைத்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். வீக்கம் எத்தனை பேருக்கு என்பதே கணக்கு. தொழிலாளியிடம் கேள்வி கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

முதுகு வலியையும் மூச்சிரைப்பையும் அப்படித் தடவி அறிய முடியாது, கேட்டுத்தான் ஆகவேண்டும். ஒரே ஆளிடம் இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகக் கேட்டால் பதிலும் இரண்டாகிவிடும். அதனால் 1960-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் இருமல், சளி பற்றிய கேள்விகளை அச்சிட்டு, அச்சில் உள்ளபடியே வாசிக்கச் சொன்னது.

சரி, அந்தக் கேள்வியே சரியானதா?

இதற்கு வழி தேடியவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் லாஷே. கேட்கப்படுவது தேவையானதுதானா என்று நிபுணர்களிடம் வாக்குக் கேட்டு அதை எண்ணாக்கும் முறையை 1975-இல் தந்தார். இன்று பரவலாக உள்ளது வேறொரு கணக்கு. நிபுணர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 4 வரை மார்க் போடுவார்கள். 3-உம் 4-உம் ஆதரவு. ஆறு பேரில் ஐவர் ஆதரித்தால் 0.83, கேள்வி தேறியது. நால்வர் என்றால் 0.67, திருத்த வேண்டும் அல்லது தூக்கிவிட வேண்டும். இதற்கு ஒரு வழிகாட்டிக் கட்டுரையை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் முகமது சைஃபுல் பஹ்ரி யூசோப் 2019-இல் எழுதினார். குழுவில் குரல் உயர்ந்தவர் மற்றவர்களை இழுத்துவிடாதபடி, பெயர் தெரியாமல் சுற்றுச்சுற்றாகக் கருத்துக் கேட்கும் டெல்ஃபி முறை இன்னும் பழையது. 1950-களில் அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனத்தில் பிறந்தது.

இனி செலாயாங் பாசார் போரோங் என்ற மொத்தச் சந்தைக்கு வருவோம். ஊர் தூங்கும் நேரத்தில் அங்கே லாரிகளிலிருந்து காய்கறி மூட்டைகள் இறங்கும். தூக்குபவர்களில் பலர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் கொண்டுபோகத் தகுந்தது 1987-இன் நோர்டிக் வினாத்தாள்: பின்புறம் காட்டி நிற்கும் ஒரு மனித உருவம், எங்கே வலி என்று கேட்கக் கழுத்து முதல் கணுக்கால் வரை ஒன்பது பகுதிகள். அதில் ஒரு கேள்வி, கடந்த 12 மாதங்களில் அந்த வலியால் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனதா என்பது. ஆறு நிபுணர்களும் இதற்கு நான்கே போடக்கூடும்.

நாள்கூலிக்காரருக்கு வேலைக்குப் போகாத நாள் கூலி இல்லாத நாள். வலியோடு தூக்குவார், மாத்திரை போட்டுத் தூக்குவார். “இல்லை” என்றுதான் பதில் சொல்வார், பொய்யும் இல்லை. கணக்கில் அவர் முதுகு நலமாகவே இருக்கும். நிபுணர் குழுவில் மருத்துவர், பாதுகாப்பு அதிகாரி என்று நாற்காலி ஒதுக்கும்போது, மூட்டை தூக்கியவர் ஒருவருக்கும் ஒரு நாற்காலி போட்டால் இது முதல் சுற்றிலேயே வெளிவந்துவிடும்.